சங்கிலி வட்டத்துக்கு வெளியே: பிள்ளையைக் கடித்த ஒரு வீட்டு நாய் பற்றிய நிகழ்வு ஆய்வு

வீடும் நாயும்

பிறவுணி ஒன்றரை வயதுக் கடுவன். அல்சேசன் கலப்பு, 28 கிலோ நிறை, ஓரிடத்தில் நிற்காத துடியாட்டம். அது வளரும் வீடு கிளிநொச்சி மாவட்டத்தில், இரணைமடுத் தண்ணி பாயும் ஒரு கிராமத்தில் இருக்கிறது. ஊரின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே தேவையில்லை. வீட்டில் மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு 9 வயது, நடுவிலானுக்கு 6, கடைக்குட்டிப் பெடியனுக்கு 3. தகப்பன் லான்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு யந்திரம்) வைத்துக் கூலி உழவும் ஏற்றி இறக்கலும் செய்கிறார். தாய்க்கு ஆடைத்தொழிற்சாலையில் வேலை. விடியப்புறம் கம்பனி பஸ் ஏறினால் இருட்டுப்படத்தான் திரும்புவார். பாடசாலை 1.30க்கு விட்டதிலிருந்து தாய் வரும் வரை பிள்ளைகளோடு நிற்கும் ஒரே பெரிய ஆள் அம்மம்மா. அவருக்கு முழங்கால் வருத்தம். கெதியாக எழும்பி ஓட ஏலாது.

இந்த விபரத்தை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாயைப் பழக்குவது பற்றிப் பேசும்போது எல்லோரும் நாயையே பார்க்கிறார்கள். எந்தத் திட்டம் போட்டாலும் அது அந்த நாலைந்து மணித்தியாலத்துக்குள், அந்த முழங்காலோடு நடக்கக்கூடியதாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அது தாளில் மட்டும் கிடக்கும்.

நாயை வவுனியாவில் இருந்த உறவினர் வீட்டிலிருந்து ஒரு மாதக் குட்டியாக, பிஸ்கட் பெட்டிக்குள் வைத்து பஸ்ஸில் கொண்டு வந்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இது வழமை. ஆனால் ஒரு குட்டி எட்டுக் கிழமையாவது தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் நிற்கவேண்டும். எவ்வளவு இறுக்கிக் கடித்தால் மற்றது கத்திக்கொண்டு விளையாட்டை விட்டு விலகும் என்பதை அது அங்கேதான் படிக்கிறது. பிறவுணிக்கு அந்தப் படிப்பு கிடைக்கவில்லை. குட்டியாக இருக்கையில் பிள்ளைகளின் கைவிரலைச் சூப்பிக் கடித்து விளையாடியதை எல்லோரும் ரசித்தார்கள். ஏழெட்டு மாதத்தில் ஆள் பெருத்தது, பல் பெருத்தது, விளையாட்டு மட்டும் அதேதான். உடுப்பைக் கவ்வி இழுத்தது, கடைக்குட்டியைத் தள்ளி விழுத்தியது. அன்றிலிருந்து பகல் முழுக்க வேப்பமரத்தடியில் சங்கிலி. பிள்ளைகள் படுத்தபிறகு இரவு அவிழ்த்துவிட்டால் வளவுக் காவல்.

நாயே வேண்டாம் என்று அந்த வீட்டில் ஒருவரும் ஒருநாளும் சொன்னதில்லை. 2010இல் செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து திரும்பி வந்து, கூரையில்லாத வீட்டு முற்றத்தில் தறப்பாள் கட்டி இருந்த நாட்களில், எங்கிருந்தோ வந்து சேர்ந்த ஒரு ஊர் நாய்தான் தங்களைக் காத்தது என்று அம்மம்மா சொன்னார். காடு பத்தியிருந்த வளவுக்குள் புடையன் பாம்பு வந்தால் முதலில் குரைத்தது அதுதானாம். “நாய் இல்லாத வளவிலை நான் படுக்கமாட்டன் தம்பி” என்றார்.

கண்ணிவெடி அகற்றும் வேலையில் மோப்ப நாய்களோடு சில வருடம் நின்றவன் என்பதால், அக்கம்பக்கத்தில் நாய்ப் பிரச்சினை என்றால் என்னைத்தான் கேட்பார்கள். இந்த வீட்டுக்கும் அப்படித்தான் போனேன். போன நேரம் கடி நடந்து முடிந்திருந்தது.

கடித்த நாள்

காலபோக நெல் வெட்டு முடிந்த கையோடு நடந்தது. மத்தியானம் 2 மணி இருக்கும். நடுவிலான் அடித்த பந்து உருண்டு வேப்பமரத்தடிக்குப் போய், நாயின் சோத்துச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றது. எடுக்கப் போனது கடைக்குட்டி. நாய் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தது. குரைக்கவில்லை, உறுமவில்லை. முன்னங்கையில் ஒரே கடி, கடித்தவுடன் விட்டுவிட்டது. ஒரு பல் ஆழமாக இறங்கி இரத்தம் ஓடியது.

அம்மம்மா கோப்பித்தூளை அள்ளிக் காயத்தில் அமத்தினார். இரத்தம் நிற்க வேண்டும் என்ற பதற்றம். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓடிவந்து, கையைக் கிணத்தடிக்குக் கொண்டுபோய், தூளைக் கழுவி, சவுக்காரம் போட்டுத் தண்ணியை ஊற்றிக்கொண்டே நின்றிருக்கிறாள். அந்தப் பிள்ளை செய்ததுதான் சரி. நாய்க்கடிக் காயத்தைச் சவுக்காரமும் ஓடும் தண்ணியும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். விசர்நாய்க்கடிக் கிருமி எச்சிலோடு காயத்துக்குள் போகிறது. கழுவும்போது அதில் பெரும்பங்கு போய்விடும். கோப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் அந்த இடத்துக்கு ஆகாது. கழுவி முடிந்ததும் நேரே ஆஸ்பத்திரி. ஆழமாகி இரத்தம் வந்த கடி என்றால் தடுப்பூசி போடுவார்கள், அதோடு நோயெதிர்ப்பு மருந்தைக் காயத்தைச் சுற்றிப் போடுவார்கள். நோய் வெளிப்பட்ட பிறகு அனேகமாக ஒருவரையும் காப்பாற்ற முடியாது, ஆனால் நேரத்தோடு ஊசி போட்டால் முழுமையாகத் தடுக்கலாம். மனிதருக்கு வரும் இந்த நோயில் 99 வீதம் நாயால் வருகிறது என்றும், விசர் சந்தேகமுள்ள மிருகங்களிடம் கடிபடுவோரில் 40 வீதமானோர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வீட்டு நாய்தானே என்று இருந்துவிடக் கூடாது. பிறவுணிக்குக் குட்டியில் ஒரு ஊசி போட்டதோடு சரி, வருடாவருடம் போடவேண்டியது போடப்படவில்லை. ஆகவே கடைக்குட்டிக்கு முழு ஊசியும் போடவேண்டி வந்தது.

அன்று இரவே சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். அடித்துத் தாழ்க்கச் சொன்னார் ஒருவர். மாங்குளம் – முல்லைத்தீவு றோட்டில் காட்டுப் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிட்டு வரச் சொன்னார் இன்னொருவர். தகப்பனும் லான்ட்மாஸ்ரர் பெட்டியில் ஏற்றத் தயாராகத்தான் நின்றார். நிறுத்தியது ஆஸ்பத்திரியில் சொன்ன ஒரு விஷயம்: நாயைக் கொல்லவோ துரத்தவோ வேண்டாம், 14 நாள் கட்டிவைத்துப் பாருங்கள். விசருள்ள நாய் அந்த நாட்களுக்குள் நோயைக் காட்டும், சாகும். உயிரோடு நன்றாக நின்றால், கடித்த நேரம் அதன் எச்சிலில் கிருமி இருக்கவில்லை என்று எடுக்கலாம். நாயைத் தொலைத்துவிட்டால் இதை அறிய வழியே இல்லை. நாய் செத்தால்கூடத் தலையைக் கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பிப் பார்க்கும் வழி உண்டு, தாட்ட நாயில் அதுவும் இல்லை.

வேப்பமரத்தடி

அந்த 14 நாளும் நாயைக் கிட்டப் போய்த் தொடவோ பழக்கவோ கூடாது என்று சொல்லிவிட்டு, தூர இருந்து பார்த்தேன். பார்க்க நிறைய இருந்தது.

வேப்பமரத்தைச் சுற்றிச் சரியாகச் சங்கிலியின் நீளத்துக்கு ஒரு வட்டம் விழுந்திருந்தது. உள்ளே புல் பூண்டு இல்லை, மண் மாவாகி வேர் வெளியே தெரிந்தது. விளிம்பு மட்டும் நாயின் ஓட்டத்தில் ஒரு சாண் பள்ளமாகியிருந்தது. சோத்துச் சட்டி, தண்ணி, படுக்கை, பீ எல்லாம் அந்த வட்டத்துக்குள்ளேதான். படலையிலிருந்து கிணத்தடிக்குப் போகும் ஒற்றையடிப் பாதை அந்த விளிம்பை உரசிக்கொண்டு போனது. பிள்ளைகள் பாடசாலையால் வந்தாலும் அதால்தான், குளிக்கப் போனாலும் அதால்தான். நாய் எழும்பிப் பாயும், சங்கிலி கழுத்தை இழுக்கும், திரும்பிச் சுற்றும். பின்னேரத்தில் அயல் பெடியள் வந்தால் விளிம்பிலிருந்து ஒரு அடி தள்ளி நின்று ஆடுவார்கள். சங்கிலி எதுவரை வரும் என்று அவர்களுக்குத் தெரியும், நாய்க்கும் தெரியும். அந்தக் கோடு தெரியாத ஒரே ஆள் 3 வயதுப் பெடியன்.

பயந்தால் விலகிப் போவதுதான் நாயின் முதல் வழி. விலக இடமில்லாதபோதுதான் பல்லை எடுக்கும். சங்கிலி அந்த முதல் வழியை வெட்டிவிடுகிறது. அதோடு, பிள்ளைகளைக் காணும் ஒவ்வொரு முறையும் கழுத்து நெரிபட்டால், பிள்ளைகள் என்றாலே நோவு என்று அதன் மனதில் பதிகிறது. அமெரிக்காவின் டென்வர் நகரில் கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டு 1994இல் வெளியான ஆய்வு ஒன்றில், கடித்தவற்றில் வளவில் சங்கிலியில் கட்டப்பட்ட நாய்களும், கருத்தடை செய்யாத கடுவன்களும், பிள்ளைகள் உள்ள வீட்டு நாய்களும் கூடுதலாக இருந்தன. பிறவுணிக்கு மூன்றும் பொருந்தியது.

கண்காணிப்பு முடிந்து நாய் சுகமாக நின்றதும் கழுத்துப்பட்டியைக் கழற்றினோம். நைலோன் கயிறு. குட்டியில் கட்டி, பெருக்கப் பெருக்க முடிச்சை இளக்கிக் கட்டியது. மயிருக்குள் கையை விட்டுப் பார்த்தால் தொண்டைப் பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் உரிந்து ஈரமாக இருந்தது, மணமும் அடித்தது. வலது காதுக்குள் கறுப்பு அழுக்கும் உண்ணியும். கடைக்குட்டி நாயைக் காணும்போதெல்லாம் கழுத்தைக் கட்டிப்பிடிப்பான், காதை இழுப்பான் என்று மூத்தவள் சொன்னபோது தகப்பன் தலையைக் குனிந்துகொண்டார். கடிக்கும் நாய் என்று யார் என்னிடம் வந்தாலும் முதலில் உடம்பைப் பார்க்கச் சொல்வது இதற்குத்தான். காது, பல், இடுப்பு, தோல் எங்காவது நோவு இருந்தால், அதை ஆற்றாமல் எந்தப் பழக்கமும் ஏறாது. கால்நடை வைத்தியர் புண்ணுக்கும் காதுக்கும் மருந்து தந்தார், விசர்நாய்த் தடுப்பூசி போட்டார், புண் ஆறியபின் கருத்தடையும் செய்துவிட்டார். கருத்தடை செய்தால் கடிக்காது என்று நான் சொல்லமாட்டேன். அலைச்சலும் மற்றக் கடுவன்களோடு பிடுங்குப்படுவதும் குறையும், அவ்வளவுதான்.

உறுமலுக்கு விழுந்த அடி

எனக்கு விளங்காமல் இருந்தது, அந்த நாய் ஏன் சத்தமில்லாமல் கடித்தது என்பது. நாய் திடீரென்று கடிப்பது மிகக் குறைவு. முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், நித்திரை இல்லாமலே கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்க்கும், உடம்பை மரக்கட்டையாக்கும், பிறகு உறுமும், பல்லைக் காட்டும். இவ்வளவும் தாண்டித்தான் கடி.

பதில் அம்மம்மாவிடம் இருந்தது. சின்னவனைப் பார்த்து நாய் உறுமினால் பூவரசங் கம்பால் மூக்கில் போடுவாராம். “பிள்ளையைப் பார்த்து உறுமினால் விடேலுமே தம்பி?” அவர் கேட்டது நியாயம். பேரனைக் காக்கத்தான் அடித்திருக்கிறார். ஆனால் அடி, நாயின் பயத்தை எடுக்காது. உறுமலை மட்டுமே எடுக்கும். பிள்ளை கிட்ட வருவது முன்னைவிடப் பயமாகிவிடும், ஏனென்றால் பிள்ளை வந்தால் கம்பும் வருகிறது. எச்சரிக்கை போய்விட்டது, பயம் கூடிவிட்டது. அந்த மத்தியானம் பந்து உருண்டபோது மிஞ்சியிருந்தது கடி ஒன்றுதான்.

இதை அவருக்கு விளங்கப்படுத்துவதில்தான் கூட நேரம் செலவழித்தேன். மற்றெல்லாவற்றையும் பிறகு செய்யலாம், இதை மட்டும் இன்றிலிருந்து செய்யுங்கள் என்றேன். நாய் உறுமினால் அடிக்காமல், ஏசாமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விலகுங்கள். பிறகு எதற்கு உறுமியது என்று பாருங்கள். சில வாரத்தில் பிறவுணி திரும்ப உறுமத் தொடங்கியது, எலும்போடு இருக்கையில் கோழி கிட்டப் போனபோது. அம்மம்மா பயந்து எனக்குப் போன் எடுத்தார். எனக்கு அது நல்ல செய்தி.

மட்டை வேலி

சங்கிலிக்குப் பதிலாக ஒரு அடைப்பு. வீட்டுக் கோடிப்புறத்தில், மாமர நிழலில், பாதைக்குத் தூரத்தில். தகப்பன் பழைய பனைமட்டைகளை நெருக்கமாக வரிந்து, ஆள் நெஞ்சளவு உயரத்துக்கு வேலி அடைத்தார். கீழே கிண்டிப் போகாமலிருக்கக் கல்லும் கம்பி வலையும் தாட்டார். உள்ளே கிடுகு வேய்ந்த ஒரு சின்னக் கொட்டில், நிழலில் தண்ணிப் பானை. வைகாசி ஆவணி வெயிலில் தண்ணி சுட்டுவிடும் என்பதால் மண்பானைதான். மட்டை நெருக்கமாக இருந்தது முக்கியம். றோட்டில் போற வாற சைக்கிளையும் மாட்டையும் பார்த்துப் பார்த்து நாள் முழுக்கக் குரைத்த நாய், பார்வை மறைந்ததும் படுக்கத் தொடங்கியது.

அடைப்பு நாயின் இடம். அதற்குள் பிள்ளைகள் எந்தக் காரணத்துக்கும் போகக்கூடாது, பந்து விழுந்தால்கூட. சாப்பாடு அதற்குள் மட்டும், படலை பூட்டிய பிறகு மட்டும். சாப்பாட்டுச் சட்டியைக் காக்கும் குணத்தை மாற்றும் வேலையைத் தகப்பன் செய்தார். நாய் சோறு தின்னும்போது வேலிக்கு வெளியே தூர நடந்துபோய், அவித்த கோழி ஈரலில் ஒரு துண்டை எறிந்துவிட்டுப் போய்விடுவது. நாளாக நாளாகக் கிட்ட. ஆள் கிட்ட வந்தால் சோறு போகாது, ஈரல் வரும் என்று நாய் எதிர்பார்க்கத் தொடங்கியதும் உடம்பு இளகிவிட்டது, வாலும் ஆடியது. பிள்ளைகளை இந்த வேலைக்கு விடவே இல்லை.

மூக்குக்கு வேலை

“நாயை ஓடவிட்டுக் களைக்கப்பண்ணினால் சரிதானே அண்ணை?” என்று தகப்பன் கேட்டார். அரைவாசி சரி. ஓட்டம் மட்டும் கொடுத்தால் நாய்க்கு மூச்சு நீளும், இன்னும் ஓடக் கேட்கும். இந்த வெயிலில் மத்தியானம் ஓட்டவும் கூடாது. நாய் வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை வெளியே விடுகிறது, சூடேறினால் விழுந்துவிடும். தார் றோட்டும் பாதத்தைச் சுடும்.

கண்ணிவெடி நாய்களோடு நின்ற காலத்தில் நான் கண்ட உண்மை ஒன்று. முகர்ந்து தேடும் வேலை, ஓட்டத்தைவிடக் கெதியில் நாயைக் களைப்பாக்கும். கொஞ்ச நேரம் கவனமாகத் தேடிய நாய் நிழலைக் கண்டதும் விழுந்து படுக்கும். அதை இந்த வளவுக்கு எடுத்தேன். வைக்கோல் தாராளமாகக் கிடந்தது. அடைப்புக்குள் ஒரு கட்டு வைக்கோலை உதறிப் போட்டு, நாளாந்தச் சாப்பாட்டில் ஒரு பங்கைச் சின்னச் சின்னத் துண்டுகளாக அதற்குள் தூவிவிடுவது. காய்ந்த பாண், அவித்த மீன், ஈரல். உப்புக் கருவாடு வேண்டாம், வெங்காயம் சேர்ந்த கறி வேண்டாம், வெந்த கோழி எலும்பு வேண்டவே வேண்டாம், உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும்.

முதல் தடவை பிறவுணி வைக்கோலை இரண்டு காலாலும் வாரி எறிந்துவிட்டு, கிடைக்கவில்லை என்று குரைத்தது. பிறகு மூக்கை இறக்கியது. மூச்சு மாறியது எனக்குக் கேட்டது: நீள மூச்சு நின்று, குறுகிய வேகமான உறிஞ்சல். ஒரு துண்டு, பிறகு இன்னொன்று. முடிந்ததும் தண்ணி குடித்துவிட்டு அதே வைக்கோலில் சுருண்டு படுத்தது. அம்மம்மா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், வருத்தமோ என்று கேட்டார். பகலில் அது படுத்து அவர் கண்டதில்லை.

நேரம்தான் முக்கியம். வைக்கோல் வேலையை 1 மணிக்கு வைத்தோம், பிள்ளைகள் வருவதற்கு முன்பு. இதற்கு முழங்கால் தடையில்லை, வேலிக்கு மேலால் தூவினால் போதும். விடியப்புறம் தகப்பன் வாய்க்கால் கட்டால் கயிற்றில் கூட்டிக்கொண்டு போய்வருவார், முகர விட்டு ஆறுதலாக. மூத்தவள் தானும் கயிற்றைப் பிடிக்கக் கேட்டாள். வேண்டாம் என்றேன். 28 கிலோ நாய் கட்டாக்காலியைக் கண்டு இழுத்தால் 9 வயதுப் பிள்ளை வாய்க்காலுக்குள்தான். ஆவணி பிறந்து பனம்பழம் விழத் தொடங்கியதும், பிள்ளைகள் சூப்பிப்போட்ட பனங்கொட்டை நாய்க்குக் கிடைத்தது. தும்பை இழுத்து இழுத்துச் சூப்பும், பின்னேரமே போய்விடும்.

படலையடி

பாடசாலை விட்டுப் பிள்ளைகள் வரும் நேரந்தான் முன்பெல்லாம் ஆகக் கூடாத நேரம். வெள்ளைச் சட்டையில் நாய் பாயும், பிள்ளைகள் கையை உயர்த்திக் கத்திக்கொண்டு ஓடும், நாய்க்கு அது விளையாட்டு அழைப்பு. ஓடுவதைத் துரத்துவதும், உயர்த்திய கையை எட்டிப் பாய்வதும் நாய்க்கு இயல்பு.

மாற்றம் இரண்டு கட்டமாகப் போனது. முதலில் பிள்ளைகள் வரும்போது நாய் அடைப்புக்குள் இருக்கும். உடுப்பு மாற்றி, சாப்பிட்டு, சத்தம் அடங்கிய பிறகுதான் தகப்பனோ நானோ நிற்கும் நாட்களில் நாயைக் கயிற்றோடு வெளியே எடுப்போம். நாலு காலும் நிலத்தில் இருந்தால் மட்டும் கதையும் தடவலும் சாப்பாட்டுத் துண்டும். பாய்ந்தால் ஆள் திரும்பி நிற்பது, பேச்சில்லை, பார்வையில்லை. வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லையே சொல்ல வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள்: “இரு.” அதுவரை ஆளுக்கொரு சொல்.

சில நாளில் நிலைமை மோசமானது. முன்பைவிட உயரப் பாய்ந்தது, சட்டையைக் கவ்வியது, குரைத்தது. இது சரிவராது என்று தாய் போனில் சொன்னார். நாயைப் பழக்குகிற எல்லோரும் கைவிடுவது இந்த இடத்தில்தான். வழமையாகப் பலன் தந்த செயல் பலன் தராமல் போனால், நாய் அதையே இன்னும் பலமாகச் செய்து பார்க்கும். அந்த நேரத்தில் ஒருவர் மனமிளகித் தடவிவிட்டால், பலமாகப் பாய்ந்தால் கிடைக்கும் என்று படித்துவிடும். பொறுத்து நின்றால் அடங்கும். தாய் பொறுத்தார். இரவு களைத்து வந்து, செருப்பைக் கழற்ற முன்பே முதுகைத் திருப்பிக்கொண்டு முற்றத்தில் நின்றவர் அவர்தான். அந்த வீட்டில் நாய் ஆகக் கெதியாகப் படித்தது அவரிடம்.

பிறகு திண்ணையில் ஒரு சாக்கு விரித்து, அதில் போய்க் கிடக்கப் பழக்கினோம். சாக்கில் கிடந்தால் துண்டு வந்துகொண்டே இருக்கும். பிள்ளைகள் தூரத்தில் நடப்பது, பிறகு கிட்ட நடப்பது, பிறகு பந்து உருட்டுவது என்று மெல்ல மெல்ல. உடம்பு விறைத்தால் அன்று அங்கேயே நிறுத்தம்.

பனையும் ஆமையும்

நாய்க்குச் செலவழித்த அளவு நேரம் பிள்ளைகளுக்கும் செலவழிந்தது. சின்னப் பிள்ளைகள் பல்லைக் காட்டும் நாயைச் சிரிக்கிறது என்றே எடுக்கிறார்கள். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளிடம் இதைக் கண்டிருக்கிறார்கள். ஆகையால் 3 வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து அதை நம்பி இருக்க முடியாது. அவனுக்கும் நாய்க்கும் இடையில் வேலியோ பெரிய ஆளோ இருக்க வேண்டும். அந்த வயதுப் பிள்ளைகள் கூடுதலாகக் கடிபடுவது முகத்திலும் கழுத்திலும் என்பதால் இதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை.

மூத்த இருவருக்கும் விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தேன். “பனை” என்றால் அசையாமல் நிற்பது: கை இரண்டும் உடம்போடு, கண் நிலத்தில், வாய் மூடி. “ஆமை” என்றால், விழுந்துவிட்டால் சுருண்டு, கழுத்தையும் காதையும் கையால் மூடிக்கொள்வது. நித்திரை கொள்ளும் நாயை, தின்னும் நாயை, குட்டி போட்ட நாயைக் கிட்டப் போகாதே. கட்டிப்பிடிக்காதே. தடவ வேண்டுமென்றால் நீ போகாதே, கூப்பிடு, வந்தால் தோளில் தடவு, மூன்று தடவலோடு கையை எடு, அது திரும்பக் கேட்டால் மட்டும் தொடர். நடுவிலான் இதை அயல் பெடியளுக்குப் படிப்பித்து, படலையடியில் எல்லோரும் பனையாகி நின்றதை ஒரு பின்னேரம் கண்டேன்.

வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்குப் போகவென்று சொந்தக்காரர் குடும்பங்கள் வந்து தங்கின. வீடு நிறையப் பிள்ளைகள். வந்த பெடியன் ஒருவன் நாயைப் பார்க்க அடைப்புப் படலைக் கொழுக்கியைக் கழற்றிவிட்டான். பிறவுணி முற்றத்துக்கு ஓடிவந்தது. பிள்ளைகள் கத்தத் தொடங்க முன்பு மூத்தவள் “பனை!” என்று கூப்பிட்டாள். தெரிந்தவர்கள் நின்றார்கள், தெரியாதவர்கள் அவர்களைப் பார்த்து நின்றார்கள். கடைக்குட்டி அம்மம்மாவின் மடியில். நாய் ஒவ்வொருவராக முகர்ந்தது, ஒரு பிள்ளையின் முழங்காலை நக்கியது, பிறகு திண்ணைச் சாக்கில் போய்க் கிடந்தது. அம்மம்மா துண்டு போட்டுக்கொண்டே இருக்க, தகப்பன் வந்து கயிற்றைப் போட்டார். நான் அங்கே இல்லை, மூன்று பேர் வெவ்வேறாகச் சொல்லிக் கேட்டது. அடுத்த நாளே கொழுக்கியை எடுத்துவிட்டுப் பூட்டுப் போட்டார்கள். சாவி குசினியில், பிள்ளைகளுக்கு எட்டாத ஆணியில். விருந்தாட்கள் வரும் நாளில் நாயைப் பக்கத்து வளவுக்கு மாற்றவும் ஒழுங்கு செய்தார்கள். பனை விளையாட்டு அன்று உதவியது என்பதற்காக அதை நம்பிப் படலையைத் திறந்துவைக்க முடியாது.

இன்றைய நிலை

கடி நடந்த பிறகு இன்னொரு கடி இல்லை. சட்டையைக் கவ்வுவது நின்றுவிட்டது. மழைக்கு இரண்டு மூன்று நாள் அடைப்பை விட்டு வெளியே எடுக்காமல் வைத்தால் பாய்ச்சல் திரும்ப வருகிறது, அந்த நாட்களில் வைக்கோலுக்குப் பதில் சாக்குக்குள் சுருட்டித் துண்டு ஒளிக்கிறார்கள். சாப்பாட்டுச் சட்டிக்குக் கிட்டப் பெரியவர்கள் போகலாம். பிள்ளைகள் போவதை நான் இன்னும் அனுமதிக்கவில்லை, அனுமதிக்க வேண்டிய தேவையும் இல்லை. இரவில் அவிழ்த்துவிடுவது தொடர்கிறது. விடிய, பிள்ளைகள் எழும்ப முன்பு அடைப்புக்குள் விடுவது தகப்பனின் பொறுப்பு, அவர் இரவு உழவுக்குப் போன நாளில் நாய் அவிழ்க்கப்படுவதே இல்லை. கடைக்குட்டியும் நாயும் பெரிய ஆள் இல்லாமல் ஒரே முற்றத்தில் நிற்பதில்லை. அவன் பாடசாலைக்குப் போகும் வயது வரை, அதற்குப் பிறகும் சில வருடம், இது இப்படியே இருக்கும்.

தடுப்பூசி அட்டை சாமித்தட்டுக்குப் பக்கத்தில் பிள்ளைகளின் கிளினிக் கொப்பியோடு வைக்கப்பட்டிருக்கிறது, அடுத்த ஊசி மாசியில்.

வவுனியாவில் அதே தாய் நாய் திரும்பக் குட்டி போட்டிருக்கிறது. பிறவுணிக்குத் துணையாக ஒன்றைக் கொண்டுவரலாமோ என்று தகப்பன் கேட்டார். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். இன்னொரு குட்டிக்கும் கடிப்பழக்கம் திருத்த வேண்டும், தனி அடைப்பு வேண்டும், நடத்த வேண்டும், மத்தியானத்தில் அந்த வீட்டில் நிற்பது இன்னமும் அம்மம்மா ஒருவர்தான். எடுப்பதென்றால் கடைக்குட்டி பாடசாலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, எட்டுக் கிழமை தாயோடு நின்ற குட்டியாகப் பார்த்து எடுக்கலாம்.